சிடி இல்லாமல் வண்டியின் சர்வீஸ் மானுவலைத் திறப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், வீட்டில் உள்ள பழைய சிடிக்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆசை வரும். ஆனால் இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் சிடி டிரைவே கிடையாது. பாட்டு சிடி, சினிமா சிடி என்றால் பரவாயில்லை. வேறு வழியில் கேட்டுக் கொள்ளலாம், பார்த்துக் கொள்ளலாம். வண்டியின் சர்வீஸ் மானுவல் உள்ள சிடி அப்படி அல்ல. அது கெட்டுப் போனால் கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாது.

அப்படியானால் சிடியில் உள்ள மானுவலை சிடி இல்லாமல் திறக்க முடியுமா? பெரும்பாலான மானுவல்களைத் திறக்க முடியும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: சிடி உயிரோடு இருக்கும்போதே அதைப் பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, பிறகு எப்படித் திறப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எது சர்வீஸ் மானுவல்?

புது வண்டியோடு கையில் தருகிற சிறு புத்தகம் ஓனர்ஸ் மானுவல். டயரில் எவ்வளவு காற்று, எந்த ஆயில், எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று அது சொல்லும். சர்வீஸ் மானுவல் வேறு. அது மெக்கானிக்குக்காக எழுதப்பட்டது. இன்ஜினை எப்படிப் பிரிப்பது, எப்படிச் சேர்ப்பது, எந்த போல்ட்டை எவ்வளவு டார்க் வைத்து இறுக்குவது, வயரிங் டயகிராம், கோளாறு எண்களுக்கான விளக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரும் என்பதால், புத்தகமாக அச்சடிப்பதை விட சிடியில் கொடுப்பது கம்பெனிகளுக்கு எளிதாக இருந்தது. பிறகு டிவிடிக்கு மாறினார்கள். இப்போது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் பென்ட்லி என்ற பதிப்பகம் போக்ஸ்வாகன் கார்களின் ரிப்பேர் மானுவலைப் புத்தகமாகவும் விற்றது, டிஸ்க்காகவும் விற்றது.

"அனுபவம் உள்ள மெக்கானிக்குக்கு மானுவல் எதற்கு?" என்று கேட்கலாம். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏர்பேக் உள்ள காரில் ஸ்டியரிங் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். கழற்றிய உடனே வேலையை ஆரம்பிக்கக் கூடாது. ஏர்பேக் யூனிட்டில் சேமித்து வைத்த மின்சாரம் தீரும் வரை காத்திருக்க வேண்டும். பல டொயோட்டா மானுவல்களில் இது குறைந்தது 90 விநாடி. பல நிசான் மானுவல்களில் குறைந்தது 3 நிமிடம். ஒரு கம்பெனி வண்டியில் பழகிய கை, அடுத்த கம்பெனி வண்டியிலும் அதே கணக்கில் போனால் ஏர்பேக் முகத்தில் வெடிக்கலாம். இதை மனப்பாடமாகச் செய்யக் கூடாது, மானுவலைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

மாமாவின் நான்கு சிடிக்கள்

என் மாமா ஈரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எந்தக் கம்பெனியின் டீலரும் அல்ல. எந்த வண்டி வந்தாலும் பார்ப்பார். போன வருடம் ஒர்க்‌ஷாப்புக்கு என்று முதல் முறையாக ஒரு லேப்டாப் வாங்கினார். பல வருடங்களாக ஒரு பிஸ்கட் டின்னில் நான்கு மானுவல் சிடிக்கள் வைத்திருந்தார். லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். "ஏன் மாப்ள, சிடி போடற இடத்தையே காணோமே?"

அந்த வாரம் ஒரு காரின் ஹெட் கழற்றி பெஞ்சில் இருந்தது. ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்குவது என்ற விவரம் அந்த நான்கில் ஒரு சிடியில் இருந்தது. பல இன்ஜின்களில் முதலில் ஒரு அளவு டார்க் வைத்துவிட்டு, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லியிருப்பார்கள். இதை உத்தேசமாகச் செய்தால் கேஸ்கெட் போகும், அல்லது போல்ட் முறியும். அதனால் சனிக்கிழமை கிளம்பிப் போனேன். நான்கு சிடிக்களும் நான்கு விதமாக இருந்தன. உங்களிடம் இருக்கும் சிடியும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் வேலை: இமேஜ் எடுப்பது

லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். டிரைவ் உள்ள பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் யாரிடமாவது இருந்தாலும் போதும். அங்கே இமேஜ் எடுத்து பென் டிரைவில் கொண்டு வரலாம்.

இமேஜ் என்றால் போட்டோ அல்ல. ஒரு முழு சிடியை அதன் போல்டர்கள், பைல்கள், சிடியின் பெயர் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே பைலாக மாற்றுவது. இந்த பைலுக்கு ஐஎஸ்ஓ பைல் என்று பெயர். சிடியில் பைல்களை எழுதும் முறைக்கு ஐஎஸ்ஓ 9660 என்ற தரம் உண்டு. அதிலிருந்து வந்த பெயர் இது. எக்ஸ்புளோரரில் பைல்களை மட்டும் காப்பி செய்தாலும் சில மானுவல்கள் வேலை செய்யும். ஆனால் சில புரோகிராம்கள் சிடியின் பெயரைத் தேடும், சில சிடி டிரைவையே தேடும். ஐஎஸ்ஓவாக எடுத்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இதற்கு இம்க்பர்ன் என்ற இலவச சாப்ட்வேர் பல வருடங்களாகப் பயன்பாட்டில் உள்ளது. இன்ஸ்டால் செய்யும்போது கூடவே வேறு புரோகிராம்களையும் நிறுவவா என்று கேட்டால் அந்த டிக்கை எடுத்து விடுங்கள். பிறகு செய்ய வேண்டியவை:

1. சிடியை டிரைவில் போடுங்கள். மெனு தானாக வந்தால் மூடி விடுங்கள்.

2. இம்க்பர்னில் கிரியேட் இமேஜ் பைல் ப்ரம் டிஸ்க் என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

3. எந்த போல்டரில் சேமிப்பது என்று காட்டுங்கள். பைலுக்கு வண்டியின் பெயர், வருடம் தெரியும்படி பெயர் கொடுங்கள்.

4. கீழே உள்ள பெரிய பட்டனை அழுத்துங்கள். சிடி என்றால் சில நிமிடங்கள், டிவிடி என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்.

சிடி ஒன்றில் 700 எம்பி வரை இருக்கும். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி வரை இருக்கும். இங்கே புதியவர்கள் தடுமாறும் ஒரு இடம் உண்டு. பல பென் டிரைவ்கள் பேட்32 என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டு வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே பைலை வைக்க முடியாது. பென் டிரைவில் 30 ஜிபி காலியாக இருந்தாலும் "பைல் மிகப் பெரியது" என்றுதான் விண்டோஸ் சொல்லும். பென் டிரைவில் உள்ளவற்றை வேறு இடத்தில் காப்பி செய்துவிட்டு, அதை எக்ஸ்பேட் அல்லது என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்தால் சரியாகி விடும்.

சிடி பாதியில் நின்றால்

மாமாவின் ஒரு சிடி பாதி வரை போய் நின்றது. டின்னில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்து தேய்ந்திருந்தது. இப்படி நின்றால் உடனே கைவிட வேண்டாம்.

மெல்லிய பருத்தித் துணியை லேசாக ஈரமாக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல்கள் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருப்பதால், வட்டமாக விழும் கீறல் அதிகக் கெடுதல் செய்யும். துடைத்த பிறகு வேறு ஒரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காத சிடியை இன்னொரு டிரைவ் படிப்பது சாதாரணமாக நடக்கும்.

சிடியின் எந்தப் பக்கம் கீறல் இருக்கிறது என்பது முக்கியம். பளபளப்பான பக்கத்தில் கீறல் என்றால், அது மேலே உள்ள பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது. பாலீஷ் செய்து சரி செய்ய வாய்ப்பு உண்டு. லேபிள் பக்கம் கீறல் என்றால் மிகவும் மோசம். சிடியில் தகவல்கள் உள்ள படலம் லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. அங்கே உரிந்தால் தகவலும் உரிந்து போகும். சிடி மேல் பால் பாயின்ட் பேனாவால் எழுதக் கூடாது என்று சொல்வது இதனால்தான். டிவிடியில் இந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் லேபிள் பக்கக் கீறலைக் கொஞ்சம் தாங்கும்.

மாமாவின் சிடி மூன்றாவது டிரைவில்தான் முழுவதும் படித்தது. ஹெட் போல்ட் விவரம் அதில்தான் இருந்தது.

இமேஜைத் திறப்பது

விண்டோஸ் 8, 10, 11 ஆகியவற்றில் ஐஎஸ்ஓ பைலைத் திறக்க வேறு சாப்ட்வேர் தேவை இல்லை. பைல் மேல் ரைட் கிளிக் செய்து மவுண்ட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். திஸ் பிசி பகுதியில் புதிதாக ஒரு டிவிடி டிரைவ் தோன்றும். நிஜ டிரைவ் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் அதை நிஜம் என்றே நம்பும். வேலை முடிந்ததும் அதன் மேல் ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள்.

மவுண்ட் என்ற சொல்லே வரவில்லை என்றால், வின்ரார் போன்ற வேறு புரோகிராம் ஐஎஸ்ஓ பைல்களைத் தனக்கு எடுத்துக் கொண்டிருக்கும். ஓப்பன் வித் சென்று விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்பதைத் தேர்வு செய்யுங்கள். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் வர்ச்சுவல் குளோன் டிரைவ் போன்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் இந்தப் போலி டிரைவ் மறைந்து விடும். மானுவல் அழிந்து விட்டதோ என்று பயப்பட வேண்டாம். மீண்டும் மவுண்ட் செய்தால் வந்து விடும்.

சிடி போட்டவுடன் வரும் மெனு வராவிட்டால், மவுண்ட் செய்த டிரைவைத் திறந்து ஆட்டோரன் என்ற பெயரில் உள்ள சிறு பைலை நோட்பேடில் திறங்கள். அதில் ஓப்பன் என்று ஆரம்பிக்கும் வரியில் எந்த புரோகிராமை இயக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர் உள்ள பைலை நீங்களே டபுள் கிளிக் செய்யலாம். மெனு செய்வதும் இவ்வளவுதான்.

அடுத்து, உள்ளே எந்த வகை பைல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். விண்டோஸ் 11 எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ என்று சென்று பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால், ஒவ்வொரு பைலின் கடைசி எழுத்துகளும் தெரியும்.

முதல் வகை: பிடிஎப்

கடைசி எழுத்துகள் பிடிஎப் என்று இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எந்தக் கம்ப்யூட்டரிலும், போனிலும்கூடத் திறக்கும். நிசான் மானுவல்கள் பல இந்த வகை. ஒவ்வொரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பெயர் இருக்கும். ஜிஐ என்றால் பொதுத் தகவல், எம்ஏ என்றால் பராமரிப்பு, இஎம் என்றால் இன்ஜின், இசி என்றால் இன்ஜின் கன்ட்ரோல், பிஆர் என்றால் பிரேக்.

இந்த வகையில் கவனிக்க வேண்டியது, முழு போல்டரையும் அப்படியே காப்பி செய்ய வேண்டும் என்பது. ஒரு பைலை மட்டும் தனியே எடுத்தால் அது திறக்கும். ஆனால் அதில் உள்ள இணைப்பைக் கிளிக் செய்தால் அடுத்த பைலைத் தேடிக் கிடைக்காமல் நின்று விடும்.

நூறு பைல்களில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமா? அடோப் ரீடரில் கன்ட்ரோல், ஷிப்ட், எப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஒரு போல்டரையே காட்டித் தேடச் சொல்லலாம். ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்களில் மட்டும் இது பலிக்காது. அவை வெறும் படங்கள்.

இரண்டாம் வகை: பிரவுசரில் திறப்பது

எச்டிஎம் அல்லது எச்டிஎம்எல் என்று முடியும் பைல்கள் ஏராளமாக இருந்தால், அந்த மானுவல் ஒரு வெப்சைட் போலத் தயாரிக்கப்பட்டது. இன்டெக்ஸ் அல்லது ஸ்டார்ட் என்ற பெயரில் உள்ள பைலைத் திறந்தால் போதும். இன்டர்நெட் இணைப்பு வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், 2000களில் வந்த இத்தகைய மானுவல்கள் பலவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காகவே எழுதப்பட்டவை. அந்த பிரவுசரை விண்டோஸ் 10ல் 2022 ஜூன் 15ஆம் தேதி மைக்ரோசாப்ட் ஓய்வு பெற வைத்து விட்டது. குரோம், எட்ஜ் பிரவுசர்களில் திறந்தால் இடது பக்கம் பொருளடக்கம் வரும். அதைக் கிளிக் செய்தால் வலது பக்கம் ஒன்றும் வராது. கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பைல் இன்னொரு பைலை ஸ்கிரிப்ட் மூலம் கட்டுப்படுத்துவதைப் பாதுகாப்புக்காக இந்த பிரவுசர்கள் தடுக்கின்றன. மானுவல் கெட்டுப் போகவில்லை.

இதற்கு எட்ஜ் பிரவுசரில் உள்ள இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மோடை முயன்று பாருங்கள். எட்ஜ் செட்டிங்ஸில் டிபால்ட் பிரவுசர் என்ற பகுதியில் இதை அனுமதிக்கலாம். எல்லா மானுவலும் இதில் திறக்கும் என்று சொல்ல முடியாது. திறக்காவிட்டால் பொருளடக்கத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் போல்டர்களை நேரடியாகத் திறங்கள். பக்கங்கள் தனித்தனிப் பைல்களாக அங்கே இருக்கும். மாமாவின் இரண்டாவது சிடியை இப்படித்தான் திறந்தோம். அடிக்கடி வேண்டிய பக்கங்களை மட்டும் பிடிஎப்பாகப் பிரின்ட் செய்து ஒரு போல்டரில் போட்டுக் கொடுத்தேன்.

வயரிங் டயகிராம்கள் எஸ்விஜி என்ற வகையில் இருக்கலாம். அந்தக் காலத்தில் இதைப் பார்க்க அடோப் நிறுவனத்தின் எஸ்விஜி வியூவர் தேவைப்பட்டது. 2009 ஜனவரி 1 முதல் அடோப் அதற்கான ஆதரவை நிறுத்தி விட்டது. கவலை இல்லை. இப்போதைய பிரவுசர்கள் எல்லாமே எஸ்விஜி படங்களைத் தாமே காட்டும். பைலை இழுத்து பிரவுசர் விண்டோவில் போடுங்கள்.

மூன்றாம் வகை: தனி புரோகிராம்

உள்ளே செட்அப் என்ற பைல் இருந்தால் இன்ஸ்டால் செய்ய வேண்டிய மானுவல். மவுண்ட் செய்த டிரைவிலிருந்தே செட்அப்பை இயக்குங்கள். புல், டிபிகல் என்று கேட்டால் புல் என்பதைத் தேர்வு செய்யுங்கள். டிபிகல் என்றால் பல புரோகிராம்கள் மெனுவை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டுப் படங்களைச் சிடியிலேயே விட்டு விடும். பிறகு ஒவ்வொரு முறையும் சிடியைப் போடு என்று கேட்கும்.

அப்படிக் கேட்டால் ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்துவிட்டு ஓகே கொடுங்கள். அப்போதும் கேட்டால் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். இன்ஸ்டால் செய்தபோது இ டிரைவாக இருந்தது இப்போது எப் டிரைவாக வந்திருக்கலாம். நடுவில் ஒரு பென் டிரைவ் இடத்தைப் பிடித்திருக்கும். பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் மவுண்ட் செய்யுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம் இயங்க மறுத்தால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று சென்று விண்டோஸ் எக்ஸ்பி என்பதைத் தேர்வு செய்து பாருங்கள். இன்னும் பழைய 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் எந்த வழியிலும் நேரடியாக இயங்காது. விண்டோஸ் 11ல் 64 பிட் தவிர வேறு கிடையாது. மாமாவின் மூன்றாவது சிடி இந்த ரகம். அதற்குப் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றை ஒர்க்‌ஷாப் மூலையில் வைத்திருக்கிறோம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால் அதில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், தங்களிடம் உரிமம் உள்ள பழைய விண்டோஸை வர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேருக்குள் நிறுவி, அதில் இந்த ஐஎஸ்ஓவை இணைக்கலாம்.

நான்காம் வகை: ஒரிஜினல் டிஸ்க்கையே கேட்பது

சில டிஸ்க்குகளில் பிரதியைக் கண்டுபிடிக்கும் பூட்டு உண்டு. சில மானுவல்கள் கம்பெனியிடம் இன்டர்நெட் மூலம் ஆக்டிவேட் செய்தால்தான் திறக்கும். மாமாவின் நான்காவது சிடி ஆக்டிவேஷன் கேட்டது. கேட்க வேண்டிய சர்வரே இப்போது இல்லை. ஒரிஜினல் சிடி கையில் இருந்தும் பயன் இல்லை. இது ஒன்றும் புதுமை அல்ல. விளையாட்டு சிடிக்களில் அதிகம் பயன்பட்ட சேப்டிஸ்க் என்ற பூட்டு 2015ல் வந்த விண்டோஸ் 10ல் வேலை செய்யாது. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்க்கும் அதில் திறக்காது.

இந்த நிலையில் பலரும் செய்வது, இன்டர்நெட்டில் கிராக் தேடுவது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். பூட்டை உடைக்கும் புரோகிராம் என்று வருவதில் வைரஸ் இருந்தால், ஒர்க்‌ஷாப் கணக்கு, வங்கி பாஸ்வேர்டு எல்லாம் போகும். வாங்கிய பில் இருந்தால் அதைக் காட்டி விற்றவரிடம் மாற்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த பகுதியைப் பாருங்கள்.

சிடியே தொலைந்து விட்டால்

முதலில் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைத் தேடுங்கள். எப்போதோ புல் இன்ஸ்டால் செய்திருந்தால் மானுவல் முழுவதும் அங்கே இருக்கும்.

அடுத்தது கம்பெனிகளின் அதிகாரபூர்வத் தளங்கள். அமெரிக்காவில் டொயோட்டா தன் சர்வீஸ் தகவல் தளத்தில் இரண்டு நாளுக்கு மட்டும்கூடச் சந்தா விற்கிறது. ஒரு வேலைக்கு அது போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007ல் வந்த 715 என்ற எண்ணுள்ள சட்டம், டீலர் அல்லாத மெக்கானிக்குகளுக்கும் ரிப்பேர் தகவல்களைக் கொடுக்க வேண்டும் என்று கார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது. நம் நாட்டில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தாராளமாகக் கிடைக்கச் செய்யவில்லை என்று 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரைட் டு ரிப்பேர் என்ற தளத்தைத் தொடங்கியது. வாகனமும் அதில் ஒரு பிரிவு. உங்கள் வண்டிக்கு அங்கே என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பிரதி எடுப்பது சரியா?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957ன் 52ஆம் பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலையாமல் கெடாமல் இருக்கப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக் கொள்வதை அனுமதிக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான உபயோகத்துக்கும் அதே பிரிவில் இடம் உண்டு. உங்கள் சிடியை உங்களுக்காகப் பிரதி எடுப்பது ஒன்று. அதைப் பத்துப் பேருக்கு விற்பது வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

திறந்தது சரியான மானுவல்தானா?

மானுவல் திறந்தவுடன் ஸ்பேனரை எடுத்து விடாதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கு வருடத்துக்கு வருடம் இன்ஜின் மாறும். முதல் பக்கங்களில் எந்த வருடம், எந்த இன்ஜின், எந்த சேஸிஸ் எண்ணிலிருந்து என்று எழுதியிருக்கும். அதை வண்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அளவின் அலகையும் பாருங்கள். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். ஒரே அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று நினைத்து இறுக்கினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு தவறு வரும். ஹெட் போல்ட்டை டார்க் வைக்கும் முன் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, வேண்டிய கட்டத்தைச் சுற்றி சிவப்புப் பேனாவால் கோடு போட்டுச் சுவரில் ஒட்டினோம். கிரீஸ் கையோடு மவுஸைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியாக ஒரு சோதனை. சிடியை டிரைவிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். ஐஎஸ்ஓவை மட்டும் மவுண்ட் செய்து பொருளடக்கம், ஒரு வயரிங் டயகிராம், ஒரு டார்க் அட்டவணை, கடைசிப் பக்கம் ஆகிய நான்கையும் திறந்து பாருங்கள். நான்கும் திறந்தால் பிரதி சரி. அந்த பைலை லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள். சிடியைத் தூக்கிப் போட வேண்டாம். தனி உறையில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். நீங்கள் பிரதி எடுத்தது உங்கள் சொந்தச் சிடியிலிருந்துதான் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

உங்கள் வீட்டு அலமாரியிலோ ஒர்க்‌ஷாப் மேசையிலோ இப்படி ஒரு சிடி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இமேஜ் எடுத்து விடுங்கள். வண்டி பிரிந்து கிடக்கும்போது சிடி படிக்கவில்லை என்றால் எந்த சாப்ட்வேராலும் உதவ முடியாது.